ஒரே மெஷின், இரண்டு சம்பளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடமாக கான்ட்ராக்டில் இருக்கிறேன். பக்கத்து மெஷினில் நிற்கும் பெர்மனென்ட் அண்ணன் செய்யும் அதே வேலைதான். அவருக்கு 46,000, எனக்கு 17,500. கேட்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்றை மனதில் வையுங்கள்: இது உங்கள் திறமையில் உள்ள குறை இல்லை. மத்திய அரசின் தொழிற்சாலைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் நாட்டின் தொழிற்சாலைத் தொழிலாளர்களில் 10 பேருக்கு 4 பேர் இன்று கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். நிரந்தரமாக ஆள் எடுத்தால் சம்பள உயர்வு, யூனியன், கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை) எல்லாம் கூடவே வரும். அதைத் தவிர்க்கத்தான் நடுவில் ஒரு கான்ட்ராக்டர்.

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் மத்திய விதிகளிலேயே, ஒரே மாதிரி வேலைக்கு ஒரே கூலி என்ற நிபந்தனை இருந்தது. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. கான்ட்ராக்ட் என்பது வெறும் காகித ஏற்பாடு என்று நிரூபித்தால் தொழிலாளி கம்பெனியின் ஆளாகவே கருதப்படுவார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நிரூபிக்க என்ன வேண்டும்? உங்களுக்கு ஷிஃப்ட் போடுவது யார், லீவு யாரிடம் கேட்கிறீர்கள், லைன் நின்றால் திட்டுவது யார் என்பதற்கான சாட்சியம். கம்பெனி சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ்களை அழிக்காதீர்கள். பி.எஃப். பாஸ்புக்கை இன்றே டவுன்லோட் செய்து, முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்று வருடவாரியாகப் பாருங்கள். என்னிடம் வந்த ஒருவரின் பாஸ்புக்கில் ஐந்து வருடத்துக்கு மூன்று கான்ட்ராக்டர்கள். அவர் நின்ற மெஷின் மட்டும் மாறவே இல்லை! சர்வீஸை உடைக்கும் வேலை இது.

வேலை ஆணையையும் எடுத்துப் படியுங்கள். ‘குறித்த காலப் பணி’ என்று கம்பெனியே நேரடியாக ஆணை கொடுத்திருந்தால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த அந்தப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி ஒரு வருட சர்வீஸுக்கே கிராஜுவிட்டி உண்டு.

தனியாக மட்டும் போய் ஹெச்.ஆர். முன்னால் நிற்காதீர்கள். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிலாளர்கள் 2024-இல் சம்பளத்துக்காகவும் சங்கத்துக்காகவும் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. நிரந்தர ஆட்களுக்கே அவ்வளவு நாள் ஆனது. பத்துப் பேராவது சேர்ந்து, ஒரு சங்கத்தையோ தொழிலாளர் நல அலுவலரையோ பாருங்கள்.

மகன் பி.இ. முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தான். இப்போது வருடம் 3.6 லட்சத்துக்கு ஒரு ஐ.டி. வேலை வந்திருக்கிறது. மாதம் 30,000 என்று நினைத்தோம், கைக்கு அவ்வளவு வராது என்கிறான். நிலத்தை விற்றுப் படிக்கவைத்தேன் ஐயா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவன் சொல்வது சரிதான். 3.6 லட்சம் என்பது சி.டி.சி., அதாவது அவனுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளம் 15,000 என்றால் கம்பெனியின் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டி சுமார் 720, அவனுடைய பி.எஃப். 1,800, தொழில் வரி என்று போக, கையில் வருவது இருபத்தைந்தாயிரத்துச் சொச்சம். ஒரு பகுதியை ‘வேரியபிள்’ (நிச்சயமில்லாமல் கூடிக் குறையும் தொகை) என்று ஒதுக்கியிருந்தால் இன்னும் குறையும். 2010 வாக்கில் சேர்ந்தவர்களுக்கும் மூன்று லட்சத்தைத் தாண்டித்தான் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

இரண்டு வருடம் சும்மா இருந்தான் என்று அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கை, இந்தியாவில் பட்டம் படித்த இளைஞர்களில் வேலை தேடியும் கிடைக்காதவர்கள் 29.1 சதவீதம் என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் அது 3.4 சதவீதம்தான். படித்தவனுக்கேற்ற வேலை போதிய அளவில் உருவாகவில்லை. வேலையில் சேரட்டும். சேருவதற்கு முன் பாண்ட் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்டணும் என்று மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை. பத்து மணி நேரம் நிற்க வேண்டும். ஆண்களுக்கு என்னைவிட 3,000 அதிகம்.

உட்கார இருக்கை தருவது தமிழ்நாட்டில் 2021 முதல் சட்டக் கடமை. ஒரே வேலைக்குப் பெண் என்பதால் குறைத்துக் கொடுப்பதை 1976-லேயே தடை செய்துவிட்டார்கள். சம்பளத்தை ரொக்கமாக வாங்காதீர்கள், வங்கியில் போடச் சொல்லுங்கள். கணக்கில் ஏறும் தொகைதான் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி. புகாரைத் தொழிலாளர் துறை உதவி ஆய்வாளரிடம் கொடுக்கலாம்.

எங்கள் நிறுவனத் தலைவரின் சம்பளத்தைத் தெரிந்துகொள்ள முடியுமா?

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம் என்றால் முடியும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 197-ஆம் பிரிவுப்படி, ஒவ்வொரு இயக்குநரின் ஊதியமும் ஊழியர்களின் மீடியன் ஊதியத்தைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லியாக வேண்டும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்டநடுவில் நிற்பவருடைய சம்பளம்தான் மீடியன். ஆண்டறிக்கையில் இயக்குநர் குழு அறிக்கையின் இணைப்புகளில் தேடுங்கள், நிறுவன இணையதளத்திலேயே கிடைக்கும். ஊழியர்களுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் ஏறியது, மேலே இருப்பவர்களுக்கு எத்தனை ஏறியது என்பதும் அங்கேயே இருக்கும்.

2023-24-இல் பெரிய 500 நிறுவனங்களின் லாபம் 22.3 சதவீதம் கூடியது, வேலைவாய்ப்போ 1.5 சதவீதம்தான் கூடியது என்று மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே எழுதியிருக்கிறது. அடுத்த இன்கிரிமென்ட் பேச்சுக்குப் போகும்போது இந்த இரண்டு எண்ணையும், உங்கள் நிறுவன அறிக்கையின் அந்தப் பக்கத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.