கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணமா?

மழை பிடித்துக்கொண்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வயிற்றைப் பற்றித்தான். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படக்கூடியதை எடுத்துக்கொண்டேன். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். இனி எழுதுகிறவர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொந்தரவு ஆரம்பித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பட்டியலைவிட அந்த இடைவெளிதான் எனக்கு அதிகம் சொல்லும்.

தங்கை மகள் கல்யாணத்தில் மதியம் 12 மணிக்குப் பந்தி. 3 மணியிலிருந்து ஒவ்வொருவராக வாந்தி எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சமையல்காரர், "எல்லாம் இன்னைக்குச் செஞ்சது, சுடச்சுடத்தான் போட்டோம்" என்று சத்தியம் பண்ணுகிறார். கெட்ட வாடையும் இல்லை. அப்புறம் எப்படி? (கும்பகோணம்)

அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் இது நடக்கும்.

மூன்று மணி நேரத்தில் வாந்தி, காய்ச்சல் இல்லை, மறுநாள் எல்லோரும் எழுந்து நடமாடினார்கள் என்றால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி வந்த நோய் இல்லை இது. அதற்கு இந்த நேரம் போதாது. விஷம் சாப்பாட்டிலேயே தயாராக இருந்திருக்கிறது. சந்தேகப்பட வேண்டிய கிருமிகள் இரண்டு. ஒன்று ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ். நம் மூக்கிலும் தோலிலும் விரல் புண்ணிலும் இருப்பது. நகச்சுத்தி வந்த விரலோடு யாராவது பால் இனிப்பைப் பிடித்திருந்தாலோ, தேங்காய் அரைத்துக் கலந்திருந்தாலோ போதும். இன்னொன்று பாசில்லஸ் சீரியஸ். இது அரிசியோடு வருகிறது. விதை போல உறங்கிக் கிடக்கும் இதன் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாகாது. விடியற்காலை வடித்த சோற்றை அண்டாவில் மூடி வைத்தால், நடுவில் இருக்கும் சோறு மதியம் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். வித்து முளைத்துப் பெருக அதைவிட வசதியான இடம் கிடையாது.

இரண்டுக்கும் பொதுவான குணம், அவை உண்டாக்கும் வாந்தி விஷம் சூட்டுக்கு அசையாது. பரிமாறும் முன் மறுபடி கொதிக்க வைத்தாலும் கிருமி சாகும், விஷம் அப்படியே இருக்கும். நிறமோ மணமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. சமைத்ததை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 2 மணி நேரத்துக்குள் குளிர்ப்பெட்டிக்குள் வைக்க வேண்டும். இடைப்பட்ட வெதுவெதுப்புதான் வினை.

எந்தப் பதார்த்தம் என்று கண்டுபிடிக்க வாந்தி எடுத்தவர்களை மட்டும் விசாரித்துப் பயனில்லை. எல்லோரும் சாம்பார் சாப்பிட்டிருப்பார்கள், பழி சாம்பார் மேல் விழும். ஒன்றும் ஆகாதவர்களையும் கேளுங்கள். அவர்கள் இலையில் எது இல்லையோ அதில்தான் விஷயம் இருக்கும். மிச்சமிருக்கும் உணவைக் கொட்டிவிடாமல் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்தால் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. விஷத்தை அது ஒன்றும் செய்யாது.

என் மகனுக்கு டைபாய்டு. முந்தின நாள் ராத்திரி ரோட்டுக்கடையில் பரோட்டா சாப்பிட்டான், மறுநாளே காய்ச்சல். வைடால் பாசிட்டிவ். ஒரு வாரம் மாத்திரை கொடுத்தும் திரும்பத் திரும்ப வருகிறது. (திண்டுக்கல்)

பரோட்டாக் கடைக்காரரை விட்டுவிடுங்கள். டைபாய்டு கிருமி உள்ளே போய்க் காய்ச்சலாக வெளியே வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அந்த நாட்களில் அவன் எங்கே தண்ணீர் குடித்தான் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், அது டைபாய்டுதானா? வைடால் பரிசோதனை 1896-இல் வந்தது. கிருமியைத் தேடாது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும். அது போதுமான அளவு ஏற ஒரு வாரம் பிடிக்கும். நம் ஊரில் முன்பே தொற்று வந்துபோன பலருக்கு ஆரோக்கியமாக இருக்கும்போதே பாசிட்டிவ் காட்டும். வேறு காய்ச்சல்களிலும் காட்டும். முதல் நாள் காய்ச்சலில் வைடால் எடுத்து, மூன்றாம் நாள் ஊசி போடுவது நம் ஊர்களில் ஊறிப்போன பழக்கம். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், முதல் வாரத்திலேயே ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும். அதில் கிருமி வளர்ந்தால் எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரிந்துவிடும். ஒரு காலத்தில் கைகொடுத்த சிப்ரோபிளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இன்று இந்தியாவில் பெரும்பாலான டைபாய்டுக்கு எடுபடுவதில்லை.

சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்க 4, 5 நாள் ஆகலாம். இரண்டாம் நாளே மருத்துவரை மாற்றாதீர்கள். காய்ச்சல் நின்றதும் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள். இரண்டு, மூன்று வாரம் கடந்த டைபாய்டில் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால் குடல் ஓட்டையாகியிருக்கலாம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குணமான பின் தடுப்பூசி பற்றிக் கேளுங்கள். 6 மாதக் குழந்தையிலிருந்து போடக்கூடிய டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி ஹைதராபாத்திலேயே தயாராகிறது.

காலரா எல்லாம் இன்னும் இருக்கிறதா? (காரைக்குடி)

இருக்கிறது. 2022 ஜூலையில் காரைக்காலில் பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிகளை மூடினார்கள். 1992-இல் ஓ139 என்ற புதுவகைக் காலராக் கிருமி முதன்முதலில் தென்பட்டதே மெட்ராஸ் பக்கம்தான். அரிசி கழுவிய தண்ணீர் போல, வலியே இல்லாமல், குடம் குடமாகப் போகும். அப்படிப் போனால் வீட்டில் உட்கார்ந்திருக்க நேரமில்லை. சில மணி நேரத்தில் ஆள் காய்ந்துபோவார்.

அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரை வியாதி. வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுக்கப் பயமாக இருக்கிறது, அதில் சர்க்கரை இருக்கிறதே. மருந்துக்கடையில் அட்டை டப்பாவில் ஆரஞ்சு ருசியில் விற்கிறதே, அது பரவாயில்லையா? (மதுரை)

பயம் இடம் மாறி விழுந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ்.ஸில் குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம். அந்தக் குளுக்கோஸ் ருசிக்காகப் போட்டதல்ல. குடல் சுவர் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்ள அது வேண்டும். சர்க்கரை நோயாளிக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். வறண்டுபோனால் சிறுநீரகம் கெடும், ரத்தச் சர்க்கரையும் ஏறும். குளுக்கோமீட்டரில் பார்த்துக்கொண்டே கொடுங்கள். சர்க்கரைக்கான மெட்பார்மின் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றை வாந்தி, பேதி நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் போனில் கேளுங்கள். இதை யாரும் கேட்பதே இல்லை.

அட்டை டப்பா வேண்டாம். அவற்றில் பல வெறும் சர்க்கரைப் பானம். பேதியை அது கூட்டத்தான் செய்யும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் போராடிய பிறகு, இப்படிப்பட்ட பானங்களின் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட பொடிப் பாக்கெட்டை வாங்குங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொடியையும் கரைக்க வேண்டும். டம்ளருக்குக் கொஞ்சம் என்று பிரித்துப் போடுவதில்தான் அளவு கெடுகிறது. பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

இவ்வளவு எளிய மருந்து வேலை செய்யுமா என்று கேட்பவர்களுக்கு: 1971-இல் வங்காளதேச அகதிகள் குவிந்திருந்த, மேற்கு வங்காளத்தின் பன்காவ் முகாமில் காலரா பரவி, சலைன் பாட்டில் தீர்ந்துபோனது. திலீப் மகலனபிஸ் என்ற மருத்துவர் இதே போன்ற கலவையைப் பீப்பாய்களில் கரைத்து, நோயாளியின் வீட்டாரையே எடுத்து ஊட்டச் சொன்னார். 100-க்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அது 4-க்கும் கீழே வந்தது.

எங்கள் தெருவில் வரிசையாக மஞ்சள் காமாலை. கீழாநெல்லி குடித்தால் போதும் என்கிறார்கள். மருமகள் 7 மாதம், அவளுக்கும் கொடுக்கலாமா? (வேலூர்)

மருமகளைப் பற்றி முதலில். தண்ணீரில் பரவும் காமாலை வைரஸ்கள் ஏ, இ என்று இரண்டு. மற்றவர்களுக்கு இரண்டும் பெரும்பாலும் சில வாரத்தில் தானே தீரும். ஆனால் கர்ப்பத்தின் கடைசி 3 மாதத்தில் வரும் இ வகை, 100-க்கு 20 பேருக்கு மேல்கூட உயிரைப் பறித்திருக்கிறது. அவருக்கு வாந்தி, பசியின்மை, மஞ்சள் சிறுநீர் என்று எது தெரிந்தாலும் கஷாயம் காய்ச்ச வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இப்போதே காய்ச்சிய தண்ணீர் மட்டும் கொடுங்கள். முடிந்தால் தெரு அடங்கும்வரை அம்மா வீட்டில் இருக்கட்டும்.

கீழாநெல்லிக்கு ஒரு கதை உண்டு. பி வகை வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பர்க்கும் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து, 1988-இல் அதை பி வகைக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் என்று எழுதினார்கள். பிறகு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. உங்கள் தெருவில் இருப்பது பி வகையே அல்ல. தானே சரியாகும் நோயில் எதைக் குடித்தாலும் பேர் அதற்குத்தான் போகும். பெரியவர்கள் அளவோடு குடிப்பதை நான் தடுக்கமாட்டேன். கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு போடுவது, பாரசிட்டமாலை இஷ்டத்துக்கு விழுங்குவது, இவற்றைத் தடுப்பேன். உப்பில்லாப் பத்தியமும் வேண்டாம், பசித்ததைச் சாப்பிடட்டும்.

தண்ணீருக்கு வருகிறேன். ஏ வகை வெளியே தெரிய சுமார் 4 வாரம், இ வகைக்கு 5, 6 வாரம் ஆகும். இன்றைக்குக் கண் மஞ்சளானவர்கள் போன மாதத் தண்ணீரைக் குடித்தவர்கள். அதற்குள் குழாயைச் சரி செய்து, "தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று சான்று வந்துவிடும். 1955 டிசம்பரில் டெல்லியில் யமுனையில் சாக்கடை கலந்து சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது. குளோரின் போட்ட தண்ணீர்தான். டைபாய்டும் சீதபேதியும் கூடவில்லை, காமாலை மட்டும் வந்தது. பாக்டீரியாவுக்குப் போதுமான குளோரின் வைரஸுக்குப் போதவில்லை. கலங்கல் இருந்தால் இன்னும் போதாது. ஆகவே தெருவில் காமாலை அடங்கும்வரை, குழாய்த் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டுக் குடியுங்கள்.

வெள்ளத்தில் கிணறு மூழ்கிவிட்டது. படிகாரம் போட்டால் போதுமா? மாமியார் தேற்றாங்கொட்டை இழைக்கச் சொல்கிறார். (கடலூர்)

இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியை முழுதாகக் கொல்லாது. தெளிந்தால் குளோரின் நன்றாக வேலை செய்யும், அந்த அளவுக்கு மாமியார் சொல்வது சரி. முதலில் வெள்ளத் தண்ணீரை இறைத்துவிடுங்கள். புதிதாக ஊறியதும் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் என்பது சாதாரணக் கணக்கு. வெள்ளத்துக்குப் பின் இதைப் போல இரண்டு, மூன்று மடங்கு பிடிக்கும். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் நிற்க வேண்டும். சுகாதார ஆய்வாளரிடம் அதைப் பார்க்கும் கருவி இருக்கும். பிரித்து வைத்த பழைய பவுடர் வீரியம் போனது, அதைப் போடுவது வீண்.

கேன் தண்ணீரையும் காய்ச்ச வேண்டுமா? (சென்னை)

கேனின் மூடியில் சீல் இருக்கிறதா, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் காய்ச்சிவிடுங்கள். எத்தனை சுத்தமான தண்ணீரானாலும் குடத்துக்குள் டம்ளரை விரலோடு முக்கினால் முடிந்தது கதை. குழாய் வைத்த பாத்திரம் வாங்குங்கள்.

ஷவர்மாவைப் பிள்ளைகள் கேட்டு அடம்பிடிக்கிறார்கள். (நாமக்கல்)

உங்கள் ஊரிலேயே 2023 செப்டம்பரில் ஒரு சிறுமி இறந்தது நினைவிருக்கும். கம்பியில் சுற்றும் கறியின் வெளிப்புறம்தான் வேகும். கூட்டமான நேரத்தில் வேகாத உள்பகுதியையும் சீவிவிடுவார்கள். கூடவே பச்சை முட்டை மயோனைஸ். பேதியும் காய்ச்சலும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமிக்கு அது விருந்து. தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குப் பச்சை முட்டை மயோனைஸைத் தடை செய்தது. வீட்டில் கோழியை முழுதாக வேகவைத்துச் சப்பாத்தியில் சுற்றிக் கொடுங்கள், மயோனைஸுக்குப் பதில் கெட்டித் தயிர். பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள், சாப்பிடுவார்கள்.

அரிசியில் கிருமி என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பழைய சோறு? (திருவாரூர்)

சாப்பிடுங்கள். தண்ணீர் ஊற்றிய சோறு ராத்திரியில் புளிக்கிறது, அந்தப் புளிப்பில் கெட்ட கிருமிகள் எளிதில் தழைக்காது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் அழற்சி நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து ஆய்வே நடந்திருக்கிறது. ஆனால் மதியச் சோற்றை ராத்திரி 10 மணி வரை சும்மா வைத்திருந்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறியதும் ஊற்றுங்கள். தொட்டுக்கொள்ள முந்தின நாள் தேங்காய்ச் சட்னி வேண்டாம், சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும் போதும்.

பேரன் பிறந்து 10 நாள். நாக்கில் தேன் தடவலாமா? கொள்ளுப்பாட்டி தடவியே தீருவேன் என்கிறார். (சிவகங்கை)

கூடாது. தேனில் பொட்டுலிசம் கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது, குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பாட்டியோடு சண்டை போடாதீர்கள். ஒரு வயது முடிந்ததும் அவர் கையாலேயே தடவச் சொல்லுங்கள்.