குன்னூர்ல கூரை ஒழுகி நனைஞ்ச ஹெச்ஓ (சின்ன அளவு மாடல் ரயில்) இன்ஜின், உம்முனு சத்தம் மட்டும் வருது

கன்ட்ரோலரை இனி திருப்பாதீங்க. தண்டவாளத்தைத் துடைச்சும் உம்முனு மட்டும் சத்தம் போட்டு நிக்குதுன்னா கரண்ட் மோட்டார் வரைக்கும் போகுது, சுத்தத்தான் முடியல, இப்படியே 12 வோல்ட் குடுத்துட்டே இருந்தா காயில் கருகிடும்.

அனேகமா கியர்ல பழைய கிரீஸ் பிசின் மாதிரி இறுகியிருக்கும், கூடவே ஷாஃப்ட்ல துரு. மேல் பாடியைக் கழட்டி ஃப்ளைவீலை (மோட்டார் ஷாஃப்ட்ல இருக்கிற கனமான சக்கரம்) விரலால தள்ளிப் பாருங்க. அசையலன்னா கியரைப் பிரிச்சுட்டு மோட்டாரை மட்டும் சுத்துங்க, அது லேசா சுத்துனா கோளாறு கியர்லதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க, பெயின்ட்ல படாம பாத்துக்கோங்க, சில பெயின்ட் உரிஞ்சு வந்துடும்.

காய வைக்கிறதுதான் நம்ம மலையில கஷ்டம், ஐப்பசி மூட்டத்துல துணியே காயாது. நான் இறுக்கமா மூடுற டப்பால ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட வச்சிடுவேன். அடுப்புகிட்ட மட்டும் வைக்காதீங்க, பிளாஸ்டிக் பாடி வளைஞ்சுடும்.