மாரத்தானுக்குப் பன்னிரண்டு நாட்களே இருக்கையில் கெண்டைக்காலில் பிடிப்பு: ஓடலாமா, விலகிவிடலாமா?

முழு மாரத்தானுக்கு இன்னும் 12 நாட்களே இருப்பதாகவும், நேற்றைய ஓட்டத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதாகவும், நடக்கும்போது லேசான வலி இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்து மாதப் பயிற்சி வீணாகிவிடுமோ என்ற உங்கள் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. சில ஆண்டுகளுக்கு முன், சென்னை மாரத்தானுக்கு 13 நாட்கள் இருந்தபோது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒன்பதாவது கிலோமீட்டரில் எனக்கும் இதே இடத்தில் இழுத்துக்கொண்டது. நான் மருத்துவர் அல்ல. என் இயன்முறை மருத்துவரிடம் கற்றதையும் நானே செய்த தவறுகளையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், இது சாதாரணச் சதைப்பிடிப்புதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வலி சதையில் இல்லாமல் எலும்பின் மேல் ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் துல்லியமாகக் காட்டக்கூடியதாக இருந்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கக்கூடும். அந்தக் காலோடு 42.195 கிலோமீட்டர் ஓடுவதைப் பற்றிப் பேசவே கூடாது. கெண்டைக்கால் வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாக இருந்தால் அது இரத்தக்கட்டியாகவும் இருக்கலாம் என்பதால், அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் மட்டும் மேலே படியுங்கள்.

நம் வீடுகளில் இதை "நரம்பு இழுத்துக்கொண்டது" என்றுதான் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படிச் சொல்லி, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, தைலம் தேய்த்துச் சுளுக்கு எடுப்பவரிடம் அழைத்துப்போகத் தயாரானார். உண்மையில் இழுபட்டிருப்பது நரம்பு அல்ல, தசை நார். புதிதாக அறுபட்ட நார்களின்மேல் முதல் இரண்டு மூன்று நாட்களில் அழுத்தி உருவிவிட்டால் உள்ளே இரத்தக் கசிவு கூடும். சூட்டினாலும் அதுவே நேரும். அம்மாவின் மனம் நோகாமல் அதை மறுக்க நான் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் மறுத்தேன், நீங்களும் மறுத்துவிடுங்கள்.

நான் செய்த பெரிய தவறு அதற்குப் பிறகு வந்தது. நான்காம் நாள் காலை வலி ஏறக்குறைய நின்றிருந்தது. சரியாகிவிட்டதா என்று பார்க்க மூன்றே கிலோமீட்டர் ஓடலாம் என்று இறங்கினேன். இரண்டாவது கிலோமீட்டரில் அதே இடம் மீண்டும் இழுத்தது, முதல் நாளுக்கே திரும்பினேன். தசை நார் ஒட்டத் தொடங்கும் நாட்களில் வலி குறைவது வேகமாகவும், அந்த ஒட்டு வலுப்பெறுவது மிக மெதுவாகவும் நடப்பதால், வலியில்லை என்பதையே குணமாகிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். உங்கள் பயிற்சியைக் கெடுக்கப்போவது ஓய்வு அல்ல, தினமும் காலையில் ஓடிச் சோதித்துப் பார்க்கும் இந்த ஆசைதான். கடைசி இரண்டு மூன்று வாரங்களில் ஓடும் தூரத்தைக் குறைக்கும்படி பயிற்சித் திட்டங்களே சொல்கின்றன. பத்து நாட்கள் ஓடாவிட்டால் மூச்சுத் திறன் சிறிதளவே குறையும். இப்போது ஓடிப் புதிதாகச் சேர்த்துக்கொள்ளக்கூடிய வலுவோ ஏறக்குறைய ஒன்றுமில்லை.

ஓடிப் பார்ப்பதற்குப் பதிலாக என் இயன்முறை மருத்துவர் ஒரு வரிசையைக் கொடுத்தார். முதலில் அரை மணி நேர வேக நடை வலியின்றி முடிய வேண்டும். அடுத்து ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவதை முழங்காலை நீட்டியபடி 20 முறையும், சற்றே மடக்கியபடி 20 முறையும் செய்ய முடிய வேண்டும். மடக்கிச் செய்வதை யாரும் விட்டுவிடாதீர்கள்: கெண்டைக்காலில் மேலோடும் தசைக்கு அடியில் சோலியஸ் என்ற இன்னொரு தசை இருக்கிறது, நீண்ட தூர ஓட்டத்தின் பளுவில் பெரும்பகுதியைச் சுமப்பது அதுதான், முழங்காலை மடக்கும்போதுதான் அதன் நிலை தெரியவரும். அதன் பிறகு அதே காலில் பத்து முறை குதித்துப் பார்க்க வேண்டும். இவை மூன்றும் முடிந்த மறுநாளும் வலி இல்லையென்றால், ஒரு நிமிட ஓட்டமும் ஒரு நிமிட நடையுமாக இருபது நிமிடம் ஓடலாம். இரண்டாவது முறை இழுத்த பிறகு அந்த நிலையை எட்ட எனக்கு ஏழு நாட்கள் ஆயின. இடையில் வலியில்லாத அளவுக்கு நிலைச் சைக்கிள் மட்டும் மிதித்தேன்.

வலி மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பந்தய நாள் காலையில் அதை விழுங்கிவிட்டு ஓடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. 2003இல் லண்டன் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 25 விநாடி என்ற மகளிர் உலக சாதனை படைத்த பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கிற்குச் சுமார் இரண்டு வாரங்களுக்கு முன் காலில் காயப்பட்டு, அழற்சி தணிக்கும் மாத்திரைகளை அதிக அளவில் எடுத்துக்கொண்டார். அவை வயிற்றைக் கெடுத்ததால், உண்ட உணவின் சத்து உடலில் சேரவில்லை; சுமார் 36 கிலோமீட்டரில் அவர் நின்றுவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றவரும் அவர்தான். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்த்து நீர் வற்றிய உடலில் இப்யூபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் ஆபத்தானவை. வலியை மறைத்துக்கொண்டு ஓடினால், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் ஒரே குரலையும் அடக்கிவிடுகிறோம்.

மூன்று சோதனைகளில் ஒன்றில்கூடத் தவறினால் விலகிவிடுங்கள், அதில் எந்த இழிவும் இல்லை. தேறினால், பழைய இலக்கை மட்டும் விட்டுவிடுங்கள். நான் நான்கு மணி நேரத்துக்குள் முடிக்க, அதாவது கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேகத்தில் ஓடப் பயின்றிருந்தேன். அந்தக் கணக்கைக் கைவிட்டு, ஒன்பது நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று முதல் கிலோமீட்டரிலிருந்தே வகுத்துக்கொண்டேன். வலியைத் தவிர்க்க நொண்டத் தொடங்கினால் அந்த இடத்திலேயே நிற்பது என்றும் முந்தைய இரவே எழுதிவைத்தேன், ஏனெனில் ஓட்டத்தின் நடுவே எடுக்கும் முடிவை நான் நம்பவில்லை. 34ஆவது கிலோமீட்டரில் கெண்டைக்கால் இறுகியது. நொண்டத் தொடங்கவில்லை என்பதால் நடக்கும் நேரத்தை இரண்டு நிமிடமாக்கித் தொடர்ந்தேன். 4 மணி 41 நிமிடத்தில் முடித்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரங்கள் என்னால் ஓட முடியவில்லை. ஓடுவதென்று முடிவெடுத்தால், அந்த மூன்று வாரங்களையும் இப்போதே உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.