கோபப்பட்டாலே ‘மாத்திரை போட்டாயா?’ என்கிறார்கள்

கேள்வி: அதீத எழுச்சியும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும், பைபோலார் எனப்படும் இருதுருவ மனநிலைக் கோளாறுக்காகச் சென்ற ஆண்டு மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தேன். லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். நலமாக இருக்கிறேன், வேலைக்கும் செல்கிறேன். ஆனால் சற்றுக் குரலை உயர்த்தினாலே வீட்டில் ‘மாத்திரை போட்டாயா?’ என்கிறார்கள். உறவினர் வந்தால் மாத்திரை அட்டையை ஒளித்துவிடுகிறார்கள். அலுவலகத்தில் சொல்லலாமா? மாத்திரையை நிறுத்தினால் இந்தப் பேச்சு ஓயுமா?

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால், மேனியா எனப்படும் அதீத எழுச்சி நிலை விரைவிலேயே திரும்பக்கூடும்.

நீங்கள் இரவு பகலாக உறங்காமல் தவித்ததை நேரில் பார்த்த அச்சம் உங்கள் வீட்டாரை இன்னும் விட்டு அகலவில்லை. ஆயினும், நியாயமான கோபத்தையும் நோயின் கணக்கிலேயே எழுதினால், நீங்கள் சொல்வது எதற்கும் மதிப்பில்லாமல் போய்விடுகிறது. நோயைவிட இதுவே அதிகம் வலிக்கிறது என்று சொல்பவர்கள் பலர். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது வீட்டாரையும் அழைத்துச் செல்லுங்கள். தூக்கம் வெகுவாகக் குறைந்தும் களைப்பே தெரியாமலிருப்பது, பேச்சு வழக்கத்தைவிட வேகமெடுப்பது, யோசிக்காமல் பணத்தை வாரியிறைப்பது என உங்களுக்குச் சென்ற முறை முதலில் தோன்றிய அறிகுறிகளை நீங்களும் வீட்டாரும் மருத்துவருமாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அவை சில நாட்கள் சேர்ந்தாற்போல் தெரிந்தால் மருத்துவரை அழைப்பது என்றும், ஒருநாள் சிடுசிடுப்புக்கு மாத்திரைப் பேச்சை எடுப்பதில்லை என்றும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அட்டையை ஒளிப்பதில் வேறொரு ஆபத்தும் உண்டு. விருந்தினர் இருக்கும் நாளில் வேளை தவறும். லித்தியமோ இரத்தத்தில் சீரான அளவில் இருந்தால்தான் பயன் தரும். உங்கள் அறையில் உங்கள் பொறுப்பிலேயே அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் நோயின் பெயரை எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. சொன்னதைத் திரும்பப் பெறவும் முடியாது. இரவுப் பணி உங்கள் தூக்கத்தைக் குலைத்து நோயைக் கிளறிவிடக்கூடும் என்பதால், ‘மருத்துவக் காரணங்களால் இரவுப் பணி எனக்கு ஏற்றதன்று’ என்று மேலாளரிடம் சொன்னாலே பெரும்பாலும் போதும். அதற்குமேல் சொல்வது உங்கள் விருப்பம்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது, பிறர் சொல்லை நீங்களே நம்பத் தொடங்கி, ‘இனி நான் எதற்கும் லாயக்கில்லை’ என ஒதுங்கிவிடுவதைத்தான். இதே நோயோடு குடும்பமும் தொழிலும் நடத்துபவர்களைச் சந்தித்துப் பேசுங்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டால் அத்தகைய குழுக்களைப் பற்றிச் சொல்வார். வாழ்வதே வீண் என்ற எண்ணம் எழுமானால், அடுத்த ஆலோசனை நாள்வரை காத்திராமல், நம்பிக்கைக்குரிய ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உடனே மருத்துவரையோ அவசர சிகிச்சைப் பிரிவையோ நாடுங்கள்.