பைத்தான் டைப் பெயர்கள்: சின்ன எழுத்தா, பெரிய எழுத்தா?

கேள்வி: கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்கிறது பைத்தானின் எழுத்துநடை வழிகாட்டியான பெப் 8. அப்புறம் ஏன் இன்ட், லிஸ்ட், டிக்ட் எல்லாம் சின்ன எழுத்தில்?

பதில்: இன்ட் ஒரு காலத்தில் கிளாஸே இல்லை. கொடுத்ததை எண்ணாக மாற்றித் தரும் ஃபங்ஷன், அவ்வளவுதான். 2001-இல் வந்த பைத்தான் 2.2-இல் அதே பெயரே டைப்பாகவும், அதாவது கிளாஸாகவும், ஆனது. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்றால் பெயரைத் தொட முடியாது. அந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்ந்த டிக்ட்டும் அண்ணன்மார் வழியிலேயே போனது.

கேள்வி: சின்ன எழுத்து என்றால் பைத்தானில் இல்லாமல் சி மொழியில் எழுதியது என்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம், ஏமாந்துபோவீர்கள். கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் டெக், டிஃபால்ட்டிக்ட் இரண்டும் சி, இரண்டும் சின்ன எழுத்து; அதுவரை சரி. ஆனால் ஆர்டர்ட்டிக்ட் முதலில் பைத்தானில் எழுதப்பட்டு, 3.5-இல் சி-க்கு மாறியது. பெயரிலுள்ள பெரிய எழுத்துகள் அப்படியே இருக்கின்றன. டெசிமலும் 3.3-இல் இப்படித்தான். மறுபக்கம், கான்டெக்ஸ்ட்லிப் மாட்யூலின் சப்ரெஸ் முழுக்கப் பைத்தான் கிளாஸ், பெயரோ சின்ன எழுத்தில். ஃபங்ஷன் போல அழைத்துப் பயன்படுத்துவதற்கு அந்தப் பெயர்முறை போதும் என்று பெப் 8-லேயே விலக்கு இருக்கிறது.

கேள்வி: 'இம்போர்ட் டேட்டைம்' போட்டு டேட்டைம்.நவ் அழைத்தால் பிழை வருகிறதே?

பதில்: மாட்யூலுக்கும் உள்ளே இருக்கும் கிளாஸுக்கும் ஒரே பெயர். நீங்கள் கையில் பிடித்திருப்பது மாட்யூல், அதில் நவ் இல்லை. டேட்டைம்.டேட்டைம்.நவ் என்று எழுதுங்கள். 2003-இல் வந்த மாட்யூல் இது. பெப் 8 அதற்கு முன்பே இருந்தது, ஆகவே பழமை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. ஒரு ஃபைலில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இம்போர்ட் செய்துவிட்டு நானே ஒரு மாலை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: சி-யில் நான் எழுதிய டைப், பைத்தானின் உள்ளமைந்த பெயர்கள் இருக்கும் பில்டின்ஸ் மாட்யூலைச் சேர்ந்ததாகக் காட்டுகிறது. பிக்கிள் மாட்யூலால் அதைச் சேமிக்கவும் முடியவில்லை.

பதில்: சி-யில் டைப்பின் பெயரைக் குறிக்கும் டிபி_நேம் புலத்தில் வெறும் டைப் பெயரை மட்டும் கொடுத்திருப்பீர்கள். மாட்யூல் பெயர், ஒரு புள்ளி, பிறகு டைப் பெயர் என்று கொடுங்கள். கடைசிப் புள்ளிக்கு முன்னால் இருப்பதைத்தான் பைத்தான் மாட்யூலாக எடுத்துக்கொள்ளும். புள்ளியே இல்லாவிட்டால் பில்டின்ஸ். பிக்கிள் அந்த முகவரியில் போய்த் தேடி, அங்கே ஆள் இல்லாமல் திரும்பி வருகிறது. டெக் உண்மையில் அடிக்கோட்டில் தொடங்கும் சி மாட்யூலில் குடியிருந்தாலும், முகவரி என்னவோ கலெக்‌ஷன்ஸ்தான்.

கேள்வி: பைத்தான் 3 வந்தபோதே சரிசெய்திருக்கலாமே?

பதில்: மாட்யூல் பெயர்களைச் செய்தார்கள்: க்யூ, கான்ஃபிக்பார்சர் இரண்டும் சின்ன எழுத்துக்கு இறங்கின. டேட்டைம் கிளாஸ் தப்பித்துக்கொண்டது.