70ல 68 போனா ரெண்டா? (கடிதம்)

அண்ணே, வணக்கம்.
அப்பாவுக்கு 68 ஆகுது, ரெண்டு முட்டும் தேஞ்சுபோச்சு, படி ஏற முடியல. ஆபரேஷன் பண்ணலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. எங்க பெரியப்பா, ‘இந்தியாவுல சராசரி ஆயுசே 70தான், ரெண்டு வருஷத்துக்கு இத்தன லட்சமா’ன்னு கேக்காரு, அப்பாவும் அதையே பிடிச்சுக்கிட்டு வேண்டாம்ங்காரு. அந்த 70க்கு என்னதான் அர்த்தம்?
- ஒரு வாசகர், தக்கலை

தம்பி,
அப்பாகிட்ட இன்னைக்கே சொல்லுங்க, 70ல இருந்து 68ஐ கழிக்கவே கூடாது.

அது இப்போ பொறக்குற பிள்ளைக்கான சராசரி. இன்னைக்கு ஒவ்வொரு வயசுலயும் எத்தன பேர் சாகுறாங்களோ அதே வீதம் கடைசி வரைக்கும் மாறாம இருந்தா அந்தப் பிள்ளை எவ்வளவு நாள் இருக்கும்ங்கிற கணக்கு. பொறந்த வாரமே போயிடுற குழந்தையும் அதுல உண்டு, இருபது வயசுல பைக்ல போய் விழுற பையனும் உண்டு. அப்பா அதெல்லாம் தாண்டி வந்தாச்சுல்லா? 60 தொட்டவங்கள மட்டும் தனியா பாத்தா இன்னும் சராசரியா சுமார் 18 வருஷம், 70 ஆனவருக்கே பத்துக்கு மேல இருக்கு.

சுதந்திரம் கிடைச்ச சமயத்துல இந்தியாவோட சராசரி 32 பக்கம்தான். எங்க சொந்தத்துல ஒரு வீட்ல பழைய வேதப்புஸ்தகம் இருக்கு, கடைசிப் பக்கத்துல பிள்ளைங்க பேரு, பொறந்த தேதி எல்லாம் மையில எழுதி வச்சிருக்கு, அதுல நாலு பேருக்கு நேரா சின்னதா சிலுவை, ஒரு வயசு கூட ஆகாததுங்க. மிஞ்சினவங்க எண்பது தாண்டி இருந்தாங்க. கூட்டி வகுத்தா நாப்பது சொச்சம் வரும், ஆனா நாப்பதுல அந்த வீட்ல ஒருத்தரும் சாகல. தடுப்பூசி, நல்ல தண்ணி, ஆஸ்பத்திரி பிரசவம்னு வந்து அந்தச் சிலுவைங்க குறைஞ்சதுதான் இந்த நம்பர் இவ்வளவு ஏறினதுக்குப் பெரிய காரணம்.

ஒரு நாட்டோட சுகாதாரம் எப்படி இருக்குன்னு பாக்க இது நல்ல அளவு. பென்ஷன், இன்சூரன்ஸ் கணக்குக்கே இந்த ஒத்த நம்பர் பத்தாது, வயசு வாரியா டேபிள் வேணும். வால்நட்சத்திரத்துக்குப் பேர் வச்சிருக்காங்களே அந்த எட்மண்ட் ஹாலி, 1693லயே பிரெஸ்லாவ் ஊரு சாவுக் கணக்க வச்சு அப்படி ஒரு டேபிள் போட்டுட்டாரு. வலியில உக்காந்திருக்க மனுஷன்கிட்ட போய் 70ன்னு சொல்லி வாயை அடைக்கிறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு தம்பி.

சுகர், பிரஷர், ஹார்ட் எப்படி இருக்குன்னு டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. பணம் கஷ்டம்னா அத நேரா பேசுங்க, முதலமைச்சர் காப்பீட்டுல வருமான்னும் விசாரிங்க. அப்புறம் ஆபரேஷன் முடிஞ்சு பிசியோதெரபி செய்ய வைக்க வீட்ல யாரு கூட நிப்பாங்கன்னு இப்பவே பேசி வச்சுக்கோங்க.