உலர்பழம் சேர்த்த சொக்லேட் ட்ரஃபிள் எங்கள் வெயிலில் ஏன் இறுகுவதில்லை?

உலர்பழங்கள் சேர்த்துச் சொக்லேட் ட்ரஃபிள் (சொக்லேட்டையும் கிரீமையும் கலந்து உருட்டும் இனிப்பு) செய்ததாகவும், மின்விசிறியின் கீழ் இரண்டு மணித்தியாலம் வைத்தும் அது இறுகவில்லை என்றும், எங்கே பிழை விட்டீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஊரைக் குறிப்பிடவில்லை; ஆயினும் மின்விசிறியை நம்பிக் காத்திருந்த விதத்தைப் பார்த்தால் நீங்களும் எங்கள் பக்கத்தவராகத்தான் இருக்க வேண்டும். நான் கிளிநொச்சியில் வசிக்கிறேன். சமையற்கலை படித்தவள் அல்லள். இதே பண்டத்தால் சபை நடுவே தலைகுனிந்தவள் என்ற ஒரு தகுதி மட்டும் எனக்கு உண்டு.

2018 மே மாதத்தில் அக்காவின் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு நடந்தது. பலகாரத் தட்டுகளோடு புதிதாக ஏதேனும் இருக்கட்டும் என்று நானாகவே முன்வந்து 120 உருண்டைகள் செய்தேன். கையில் இருந்ததோ குளிர்நாட்டார் ஒருவர் எழுதிய செய்முறை: சொக்லேட் இரண்டு பங்கு, கிரீம் ஒரு பங்கு, உலர்திராட்சையை ஊறவைத்துச் சேர்த்து, அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும். (ரம்மில் ஊறவைக்கச் சொல்லியிருந்தார்கள், சடங்கு வீட்டில் அது நடக்குமா? வெந்நீரில் ஊறவைத்தேன்.) காலை பத்து மணிக்குத் தட்டில் அடுக்கியபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தன. தண்ணீர் வார்த்து முடிந்து பிள்ளையை அழைத்து வருவதற்குள் கொக்கோத் தூள் ஈரம் குடித்துத் திட்டுத்திட்டாகக் கறுத்து, ஒவ்வோர் உருண்டையும் பக்கத்து உருண்டையின் மேல் சாய்ந்து, திராட்சைகள் மட்டும் சேற்றில் கிடக்கும் கூழாங்கற்களைப் போல மேலே தெரிந்தன. கனடாவிலிருந்து வந்திருந்த மச்சாள் தட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "உழுத்தங்களிக்குப் பதிலாச் சொக்லேட் களியோ?" என்று கேட்டார். சபை சிரித்தது, நானும் சிரித்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத கணக்கு இதுதான். கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகையில் உருகிவிடும். கிரீம் சேர்ந்த கலவையோ அதற்கு வெகு முன்னரே குழைந்துவிடும். செய்முறை எழுதியவரின் அறை வெப்பநிலை 20 பாகை. மே மாதத்தில் எங்கள் குசினியில் நண்பகலுக்கு முன்பே 33 பாகை இருக்கும். அதற்கு மேல், ஊறிய திராட்சை குடித்த நீரும் கலவைக்குள் கசிகிறது. உங்கள் கைப்பக்குவத்தில் குறை இல்லை என்றே நினைக்கிறேன். நீங்களும் பழத்தை ஊறவைத்திருப்பீர்கள்.

இப்போது நான் 200 கிராம் கறுப்புச் சொக்லேட்டுக்கு 75 மில்லிலீற்றர் கிரீமுக்கு மேல் விடுவதில்லை. கிரீமின் ஓரத்தில் குமிழி கட்டியதும் இறக்கி, பொடியாக நறுக்கிய சொக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து மெல்லக் கலக்க வேண்டும். எண்ணெய் பிரிந்தால் பதற வேண்டாம். இளஞ்சூட்டுப் பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக விட்டுக் கலக்கினால் சேர்ந்துவிடும். கிரீமுக்குப் பதிலாகத் தேங்காய் முதற்பால் விடலாம் என்று சொல்வார்கள், விட்டும் பார்த்தேன். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்களில், குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்தபடியே அது புளித்துப்போயிற்று.

சொக்லேட் வாங்கும்போது பொதியில் கொக்கோ வெண்ணெய் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கேக் சாமான் விற்கும் கடையொன்றில் பெயரும் விபரமும் இல்லாத பொலித்தீன் பைகளில் கட்டி, நல்ல சொக்லேட் என்று என் தலையில் கட்டியது, மெழுகைப் போல அண்ணத்தில் ஒட்டும் வேறு தாவரக் கொழுப்பு. அத்தகையது வெயிலைச் சற்றுத் தாங்கும் என்பதால் மேற்பூச்சுக்கு ஆகும். ஆனால் நல்ல சொக்லேட்டின் விலை கொடுத்து வாங்குவதற்கு அது ஆகாது.

பழத்துக்கு வருகிறேன். பிளம்ஸ் (கடையில் உலர்திராட்சையை அப்படித்தானே கேட்கிறோம்) சேர்ப்பதானால் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, பொடியாக நறுக்குங்கள். பேரீச்சம்பழமும் நன்று. ஆனால் என் தெரிவு பனாட்டு. பனங்களியைப் பாயில் படைபடையாக ஊற்றி வெயிலில் காயவைத்த அதுவும் உலர்பழந்தானே? தேங்காயெண்ணெய் தடவிய கத்தியால் பயறளவுத் துண்டுகளாக வெட்டி, 200 கிராம் சொக்லேட்டுக்கு 60 கிராம் சேர்த்தேன். பனாட்டின் இலேசான கைப்பும் கறுப்புச் சொக்லேட்டின் கைப்பும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. பனாட்டைப் பாழாக்குகிறேன் என்று கோபிப்பவர்கள் இருப்பார்கள். முதலில் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டுக் கோபிக்கட்டும்.

கலவையை இரவு முழுவதும் குளிரில் வைத்து, விடியற்காலை ஐந்து மணிக்கு, ஐஸ் தண்ணீரில் கையை நனைத்து நன்றாகத் துடைத்துவிட்டு உருட்டுங்கள். ஈரம் ஒரு துளியும் கையில் இருக்கக்கூடாது. கொக்கோத் தூளுக்குப் பதிலாக வறுத்து ஆறிய தேங்காய்த் துருவலில் புரட்டினால், வெளியே எடுத்ததும் வியர்த்தாலும் திட்டுத் தெரியாது. பரிமாறும்போது முழுவதையும் அடுக்காமல், பத்துப் பத்தாக எடுத்து வையுங்கள். பேருந்தில் யாருக்கேனும் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் எள்ளுருண்டை செய்து அனுப்புங்கள்.